வசந்தாமணி வீட்டுத் தொட்டி மேலே போனது

ஐப்பசி மழை கொட்டித் தீர்த்துக் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில், மயில்பாறை கார்டன் கடைசி வீதியில் குடியிருக்கும் வசந்தாமணி வாசல் தெளித்துவிட்டுக் கொல்லைப் பக்கம் வந்தபோது, அவள் வீட்டு செப்டிக் டேங்க் மண்ணை விலக்கிக்கொண்டு, தூக்கம் கலைந்த எருமை எழுந்திருப்பதுபோல முதலில் பின்பக்கத்தைத் தூக்கி, அப்புறம் முன்பக்கத்தைத் தூக்கி, மேலெல்லாம் அப்பியிருந்த கரிசல் மண் பொத்பொத்தென்று உதிர, ஈரம் சொட்டச் சொட்ட எழுந்து, வேப்பமரத்தின் உச்சிக்கு நேராகப் போய் நின்றுகொண்டது.

வசந்தாமணி கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள்.

"ஏனுங்க, டேங்க் மேல போயிருச்சுங்க" என்று உள்ளே பார்த்துச் சொன்னாள்.

"போனா வரும்" என்றார், கட்டிலில் படுத்திருந்த அவள் புருசன் நாச்சிமுத்து.

அது வரவில்லை. வீட்டுக் கழிவறையிலிருந்து போகிற வளைகுழாய் ஒன்று மட்டும் கன்றுக்குட்டிக் கயிறு மாதிரி அதைப் பிடித்து வைத்திருந்தது. தொட்டிக்கென்று சுவரில் அடித்திருந்த அலாரப் பெட்டியையும் வயரோடு பிடுங்கிக்கொண்டு போயிருந்ததால், தொட்டியின் கழுத்தில் தொங்கிய அந்தப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது. அலாரம் கத்திக்கொண்டிருந்தது. கரண்டு எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. மேலே போகத் தெரிந்த ஒன்றுக்குக் கத்தத் தெரியாதா என்ன.

அந்தப் பக்கம் முன்பு குளமாக இருந்த இடம். பாதாள சாக்கடை அங்கே வந்து சேரவில்லை. வீட்டுக்கு வீடு கொல்லையில் ஒரு தொட்டிதான். வசந்தாமணி வீட்டில் புதைத்திருந்தது புது மாதிரி. ஃபைபர் தொட்டி, உள்ளே காற்று ஊதுகிற ஒரு சின்ன மோட்டார், அழுக்குத் தண்ணீரைத் தானே தெளிய வைத்து வாழைக்கும் செம்பருத்திக்கும் விடுகிற ஏற்பாடு. காற்று நின்றாலோ, தண்ணீர் மட்டம் ஏறினாலோ பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும், அலாரம் அடிக்கும். சத்தம் வருகிறதா என்று பார்க்க ஒரு டெஸ்ட் பொத்தானும், கத்தலை நிறுத்துவதற்கென்று இன்னொரு பொத்தானும் அதில் வைத்திருந்தார்கள். நிறுத்துகிற பொத்தான்தான் வினையாய் முடிந்தது.

நாச்சிமுத்து நூல் மில்லில் இருந்தவர். ஓயாமல் சுற்றுகிற நூற்புக் கதிர்களுக்கு நடுவில் ஆயுளில் பாதியை நின்று கழித்து, ஒரு காது மந்தமாகி, மிச்சக் காதில் எந்நேரமும் ஒரு மில் ஓடிக்கொண்டிருக்க வீடு வந்து சேர்ந்தவர். இனிமேல் தன் வீட்டில் சத்தம் என்பதே இருக்கக் கூடாது என்று அவர் நினைத்தார். அவர் வெளியே போன பிறகுதான் வசந்தாமணி மிக்ஸி போடுவாள். குக்கர் விசிலைத் துணி வைத்து அமுக்குவாள். தனக்குச் சொல்ல இருந்ததையும் அப்படியே அமுக்கி அமுக்கி, கடைசியில் சொல்ல என்ன இருந்தது என்றே மறந்துபோகிற அளவுக்கு வந்திருந்தாள். ஆடியில் முதல் முறையாக அலாரம் அடித்தபோது நாச்சிமுத்து எழுந்து போய்ப் பொத்தானை அமுக்கினார். மறுபடி அடித்தது, மறுபடி அமுக்கினார். சிவப்பு விளக்கு கண்ணை உறுத்துகிறது என்று அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினார்.

"எதுக்கோ கத்துதுங்க, என்னன்னு தெறந்து பாருங்க" என்று அவள் சொல்லிப் பார்த்தாள்.

"கத்தறது அதோட வேல. அமுக்கறது என்னோட வேல" என்றார் அவர்.

ஐப்பசியில் நாற்றம் வீதிக்கு வந்தபோது வேறு வழியில்லாமல் டேங்கர் லாரியைக் கூப்பிட்டார்கள். லாரிக்காரர் அடிவரைக்கும் உறிஞ்சி எடுத்துவிட்டு, உடனே தண்ணீர் விட்டு நிரப்பி வைக்கச் சொன்னார். சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று நாச்சிமுத்து படுத்தவர்தான். மாதக்கணக்கில் கிடைக்காத நிம்மதியில் அன்றைக்கு அயர்ந்து தூங்கிவிட்டார். மழையில் ஊறிய மண்ணுக்கு அடியில் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. காலியான தொட்டி அதில் லேசாகி லேசாகி மிதந்தது. மற்ற ஊர்களில் இப்படி நடந்தால் தொட்டி ஒரு சாண் எழும்பி நின்றுவிடும். இது நிற்கவில்லை, அவ்வளவுதான்.

முதல் இரண்டு நாள் வீதியே கொல்லைப் பக்கம் கூடி அண்ணாந்து பார்த்தது. குடியிருப்போர் சங்கத் தலைவர் அர்த்தநாரி கூட்டம் போட்டு, அனுமதித்த உயரத்துக்கு மேலே கட்டடம் எழுப்பக் கூடாது என்ற விதி இதற்குப் பொருந்துமா என்று விவாதித்தார். எழுப்பவில்லை, தானாக எழுந்தது என்று ஒருவர் எடுத்துச் சொன்னதும் விதி பொருந்தாது என்று முடிவாகி, டீ குடித்துக் கலைந்தார்கள். குழாய் அறுந்தால் யார் வீட்டுக் கூரையில் விழுமோ என்று பயந்து, நல்ல நைலான் கயிறாக வாங்கி வேப்பமரத்தோடு சேர்த்துக் கட்டினார்கள். அதற்கப்புறம் தொட்டி அந்த வீதியின் ஒரு ஆளாகிவிட்டது. கீரை விற்கிற அம்மா "டேங்குக்கு இந்தப் பக்கத்து வீடு, அந்தப் பக்கத்து வீடு" என்று வாடிக்கையை அடையாளம் வைத்துக்கொண்டாள். அதன் நிழல் காலையில் மேற்கு வரிசை மொட்டைமாடிகளிலும் மதியத்துக்கு மேல் கிழக்கு வரிசையிலும் மெல்ல ஊர்ந்து போனது; அது வருகிற நேரம் பார்த்து வத்தல் காயப்போட்டவர்கள் முறத்தை நகர்த்திக்கொண்டார்கள். கல்யாணம் நிச்சயமான ஒரு ஜோடி அதன் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டது. மைனாக்கள் மூடியின்மேல் வந்து உட்கார்ந்து எதையோ பேசித் தீர்த்துவிட்டுப் போயின.

அலாரம்கூட மேலே போனதும் மாறிவிட்டது. சுவரில் இருந்தவரைக்கும் காதைக் கிழித்த சத்தம், அவ்வளவு உயரத்திலிருந்து, ஈரக்காற்றில் நனைந்து, இலைகளில் வடிகட்டி இறங்கி வரும்போது, யாரோ ஒரு பெண் வாய் திறக்காமல் முனகுவது போல, ஊம்ம்... ஊம்ம்... என்று கேட்டது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த முனகலில் வீதியே கண்ணயர்ந்தது. தூங்கி எழுந்தவர்கள் ஒருவருக்கொருவர் கனவைச் சொல்லிக்கொண்டபோது எல்லாருக்கும் ஒரே கனவாக இருந்தது: வெதுவெதுப்பான தண்ணீருக்குள் யாரோ அவர்களைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு நடந்துபோகிறார்கள், முகம் தெரியவில்லை, பயமும் இல்லை. நாச்சிமுத்து மட்டும் தூங்கவில்லை. கைக்கு எட்டாத பொத்தானைப் பார்த்துக்கொண்டு கொல்லையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

வசந்தாமணியின் கவலை வேறு. கழிவறை இருந்தது, தொட்டி இல்லை. புதுக்குழி தோண்டலாமென்றால் மண்வெட்டி போட்ட இடத்திலெல்லாம் தண்ணீர் ஊறியது. முதலில் வீதியே அவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது. காலையில் அர்த்தநாரி வீடு, மதியம் எதிர்வீடு, சாயங்காலம் டீச்சர் வீடு என்று வாளியும் துண்டுமாகப் புருசனும் பெண்டாட்டியும் ஊர்வலம் போனார்கள். ஆனால் விருந்தாளி என்பவர் என்றைக்காவது வந்தால்தானே விருந்தாளி. போகப் போக ஒரு வீட்டில் மருமகள் குளித்துக்கொண்டே இருந்தாள், இன்னொரு வீட்டில் குழாய் ரிப்பேராகவே இருந்தது. இந்த நேரத்தில்தான் கட்டுச்சோற்று விருந்து முடித்து, நிறைசூலியாக, மகள் தாரணி தலைப்பிரசவத்துக்கு வந்து இறங்கினாள்.

காரிலிருந்து இறங்கி, இடுப்பில் கையை ஊன்றி, மேலே பார்த்து, "நல்லாத்தான்மா இருக்குது" என்றாள். அடுத்த வார்த்தையாக, "பாத்ரூம் போகணும்மா" என்றாள்.

வீதிக்கோடிக்கு நடக்க வைக்கிற நிலையில் அவள் இல்லை. அடுத்த காம்பவுண்டு கண்மணியின் வீடு. சுவர் ஏறிக் குதித்தால் அவள் கொல்லை. கண்மணி தபால் ஆபீசில் வேலை பார்ப்பவள், அன்று லீவில் வீட்டில் இருந்தாள். இத்தனை வருடத்தில் வசந்தாமணி அந்த வாசல் ஏறியதில்லை. அவர்கள் குடிவந்தபோது எந்த ஊர், எந்தத் தெரு என்று விசாரித்துத் தெரிந்துகொண்டதோடு சரி. சிரிப்பாள், மழையைப் பற்றிப் பேசுவாள், அதற்கு மேல் கேட்டைத் தாண்ட மாட்டாள். அது சண்டையுமில்லை, பகையுமில்லை. அவள் அம்மாவும் அப்படித்தான் இருந்தாள், அவளும் அப்படி இருந்தாள், ஏன் என்று அவள் தன்னைக் கேட்டுக்கொண்டதேயில்லை.

மகள் முகத்தைப் பார்த்தாள். சுவரோரம் போய், எக்கி நின்று, "கண்மணி... ஏனுங்க கண்மணி" என்று கூப்பிட்டாள்.

கண்மணி ஈரக்கையோடு கொல்லைக்கு வந்தாள். கேட்டாள். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். மேலே தொட்டி முனகிக்கொண்டிருந்தது.

"பின்பக்கமா கூட்டிட்டு வந்துரட்டுங்களா? செவுத்தோரம் ஒரு ஸ்டூல் போட்டா..." என்றாள் வசந்தாமணி.

"பின்பக்கம் வேண்டாங்கக்கா" என்றாள் கண்மணி. "மாசமா இருக்கற புள்ளைய எதுக்குங்க செவுரேற வெக்கறீங்க? வாசல் வழியா கூட்டிட்டு வாங்க. நீங்களும் வாங்க. புள்ள வர்ற வரைக்கும் சேர்ல உக்காருங்க."

"நான் கேட்டுக்கிட்டயே நிக்கறனே..."

"கேட்டுல நிக்கறவங்களுக்கு எங்க வீட்ல பாத்ரூம் இல்லீங்கக்கா." அவள் குரலை உயர்த்தவில்லை. "வீடு கிரகப்பிரவேசத்தப்ப பாயசம் குடுத்தனில்லீங்க, அத நீங்க வாழைக்கு ஊத்துனத எங்க வீட்டுச் சமையக்கட்டு ஜன்னல்ல நின்னு பாத்தேன். இன்னிக்கு வரைக்கும் நான் யாருகிட்டயும் சொல்லல. உங்ககிட்டயும் சொல்லியிருக்க மாட்டேன், நீங்க பின்பக்கம்னு சொல்லாம இருந்திருந்தா."

வசந்தாமணிக்குக் காது சூடானது. சுவரைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என்ன பதில் சொன்னாலும் அது பொய்யாகத்தான் வரும் என்று தெரிந்தது. தாரணிக்கு ஏதாவது புரிந்ததோ என்னவோ, அவளால் நிற்க முடியவில்லை, அவள்பாட்டுக்கு முன்வாசல் வழியாக வீதிக்கு இறங்கி, பக்கத்து கேட்டைத் திறந்து, "ஆன்ட்டி, எந்தப் பக்கம்?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

"நேராப் போயி வலது கைப் பக்கம் கண்ணு. வழுக்கும், செவுத்தப் புடிச்சுக்க" என்றது கண்மணியின் குரல்.

வீதியில் அர்த்தநாரியின் சம்சாரம் கோலப்பொடி டப்பாவோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டு மாடியில் இரண்டு தலை தெரிந்தது. வசந்தாமணி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, அவர்கள் பார்க்கப் பார்க்க, பக்கத்து வீட்டு வாசற்படி ஏறினாள். கூடத்தில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். கண்மணி டம்ளரில் டீ கொண்டுவந்து டீப்பாயின் மேல் வைத்தாள், கையில் கொடுக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே வாழை தெரிந்தது. அன்று ஊற்றியதை இன்றும் மறக்கவில்லை என்பதுபோல அது தழைத்துக் கிடந்தது. வசந்தாமணி டம்ளரை எடுத்துக் குடித்தாள். சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருந்தது. அடிவரைக்கும் குடித்தாள்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுங்களா?" என்று கண்மணி கேட்டபோது, வேண்டாம் என்று சொல்ல வந்த வாய் "ஊத்துங்க" என்றது.

அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குப் போக வாளியும் துண்டும் தேவைப்படவில்லை. தாரணி பொழுதுக்கும் அங்கேயே இருந்தாள். கண்மணி ஆபீஸ் போகும்போது சாவியை அவளிடமே கொடுத்துவிட்டுப் போனாள். மாடிப்படி ஏறுவது நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, மொட்டைமாடிக்குப் போய்க் கொய்யாக்காயைக் கடித்துக்கொண்டு தொட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். காற்றடித்தால் தொட்டி அந்த மாடிப் பக்கமாகவே சாய்ந்து வரும். முனகல் அருகில் வரும்போதெல்லாம் வயிற்றுக்குள் குழந்தை உருண்டு திரும்பி, அப்புறம் அப்படியே அமைதியாகிவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே உட்கார்ந்தபடி அவள்தான் சொன்னாள்: "காலியா இருந்ததாலதான மேல போச்சு? தண்ணி ஊத்துனா எறங்கி வராதாம்மா?"

பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கூட்டம் போட்ட சங்கத்துக்குக்கூட இது தோன்றவில்லை.

கண்மணி வீட்டு மோட்டாரைப் போட்டு, மாடித் தொட்டியிலிருந்து நீளமாக ஓஸ் இழுத்தார்கள். மேலே போய் மூடியைத் திறந்து ஓஸைச் சொருக ஒரு ஆள் வேண்டும். அதுவரைக்கும் கண்மணி வீட்டு வாசலை மிதிக்காத நாச்சிமுத்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கேட்டைத் திறந்து, கண்மணியின் புருசன் இன்பராஜிடம் "மாடிக்கு எப்படிங்க போறது?" என்று கேட்டார். காற்று வந்து தொட்டி கைப்பிடிச் சுவரோரம் ஒதுங்கியதும் இன்பராஜ் கொக்கியால் இழுத்துப் பிடித்தார். வசந்தாமணி ஓஸைத் தூக்கிக்கொண்டு பின்னால் நின்றாள்.

அலாரப் பெட்டி இப்போது நாச்சிமுத்துவின் முகத்துக்கு நேராக இருந்தது. துண்டு எப்போதோ காற்றில் பறந்துவிட்டது. சிவப்பு விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது. இத்தனை நாளாக எட்டாமல் இருந்த பொத்தான் ஒரு விரல் தூரத்தில். அவர் கை தானாக மேலே போனது. வசந்தாமணி பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ வருடமாக அந்தக் கை தன் வாயைப் பார்த்தும் இப்படித்தான் எழுந்திருக்கிறது என்று அவளுக்குத் திடீரென்று பட்டது.

"அமுக்காதீங்க" என்றாள். அவள் குரல் வீதி வரைக்கும் கேட்டது. "மொதல்ல அது என்ன சொல்லுதுன்னு கேளுங்க. நானும் ரொம்ப நாளா ஒண்ணொண்ணு சொல்லிட்டிருக்கறன், நீங்க அமுக்கிட்டே இருக்கறீங்க."

நாச்சிமுத்து திரும்பி அவளைப் பார்த்தார். இவளுக்கு இவ்வளவு சத்தமாகப் பேச வருமா என்பதுபோலப் பார்த்தார். எழுந்த கை எங்கே போவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. அப்புறம் பொத்தானை விட்டுவிட்டு, தொட்டியின் ஈரமான பக்கத்தில், மாட்டைத் தட்டிக்கொடுப்பதுபோலப் படிந்தது. குனிந்து, நல்ல காதைத் தொட்டியில் வைத்தார். எவ்வளவு நேரம் அப்படி நின்றாரோ. நிமிர்ந்தபோது மூக்கை உறிஞ்சினார்.

"தாகமா இருக்குது அதுக்கு" என்றார். "ஓஸக் குடு."

தண்ணீர் உள்ளே விழுந்தது. கண்மணி வீட்டுத் தண்ணீர் தீர்ந்ததும் எதிர்வீட்டிலிருந்து ஓஸ் வந்தது, டீச்சர் வீட்டிலிருந்து குடம் குடமாக வந்தது, குழாய் ரிப்பேர் என்று சொன்ன வீட்டில்கூடக் குழாய் சரியாகிவிட்டது. தொட்டி குடித்துக்கொண்டே இருந்தது. குடிக்கக் குடிக்க அதன் முனகல் இறங்கி, நீளமாகி, மூச்சு விடுவதுபோலாகி, சாயங்கால வெயிலில் பஞ்சு அமர்வதுபோல அவ்வளவு மெதுவாகக் கீழே வரத் தொடங்கியது. வீதியே வாயைத் திறந்துகொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், மாடிப்படியில் நின்ற தாரணி கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, வலிக்குதும்மா" என்றாள்.

அதற்குமேல் தொட்டியை யார் பார்த்தது? இன்பராஜ் காரை எடுத்தார். பின்சீட்டில் ஒருபக்கம் வசந்தாமணியும் இன்னொருபக்கம் கண்மணியும் தாரணியைத் தாங்கிக்கொண்டார்கள். வலி வரும்போதெல்லாம் தாரணி இரண்டு பேர் கையையும் ஒன்றாகச் சேர்த்து நெரித்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது வசந்தாமணி, "அந்தப் பாயசம்..." என்று ஆரம்பித்தாள். "அத விடுங்கக்கா, உள்ள என்ன சொல்றாங்கன்னு கேளுங்க" என்றாள் கண்மணி. மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. வசந்தாமணியும் அதை எதிர்பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு வந்த நர்ஸ் பெண்குழந்தை என்றாள்.

குழந்தையோடு வீடு திரும்பியபோது தொட்டி இறங்கி உட்கார்ந்திருந்தது. ஆனால் பழைய குழியில் இல்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த காம்பவுண்டுச் சுவரின்மேல் இறங்கி, அதைப் பொடிப்பொடியாக நசுக்கி, பாதி உடம்பு இந்தக் கொல்லையிலும் பாதி உடம்பு அந்தக் கொல்லையிலுமாக, ஊறிய மண்ணில் கழுத்து வரைக்கும் புதைந்து கிடந்தது. கிரேன் கொண்டுவந்து இழுத்துப் பார்த்தார்கள். கிரேன்தான் அசைந்தது. கண்மணி வீட்டுப் பழைய தொட்டி சரியாக மழைக்காலத்தில் பொங்குகிற தொட்டி. இரண்டு வீட்டுக் குழாயையும் இதிலேயே சேர்த்துவிடலாம் என்று இன்பராஜும் நாச்சிமுத்தும் பேசி முடித்தார்கள். சுவரை மறுபடி கட்டும் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அலாரம் அடித்தால் யாருக்கு முதலில் கேட்கிறதோ அவர்கள் வந்து மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் பொத்தானைத் தொட வேண்டும் என்று சொல்லாமலே ஒரு வழக்கம் வந்தது. பெரும்பாலும் நாச்சிமுத்துவுக்குத்தான் முதலில் கேட்டது.

குழந்தை மட்டும் தூங்கவில்லை. தாலாட்டு, வசம்பு, தூளி, மந்திரித்த கயிறு, எதற்கும் மசியாமல் அழுதது. ஒருநாள் மதியம் காற்று மோட்டாரில் ஏதோ அடைத்து, கீழே இறங்கிய பிறகும் பழைய கத்தலுக்குத் திரும்பாத அலாரம் ஊம்ம்... என்று அடிக்க, தூளியில் அழுகை பாதியில் நின்றது. எட்டிப் பார்த்தால், விரலைச் சப்பிக்கொண்டு தூங்கியிருந்தது. வயிற்றுக்குள் இருந்து அது கேட்டுப் பழகிய பாட்டு அதுதான் என்று அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. மோட்டாரை அன்று சாயங்காலம் வரைக்கும் யாரும் சரி செய்யவில்லை.

மாசியில் தாரணி குழந்தையோடு ஈரோட்டுக்குப் புருசன் வீட்டுக்குப் போனாள். வீடு வெறிச்சென்று போனது. ஒரு நாள் மதியம் வசந்தாமணி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அந்தப் பக்கம் குழந்தை வீல்வீலென்று அழுகிற சத்தம்தான் முதலில் கேட்டது.

"அம்மா, என்ன பண்ணியும் தூங்க மாட்டேங்கறாம்மா. அந்த டெஸ்ட் பட்டன கொஞ்சம் அமுக்கேன்."

வசந்தாமணி கையைத் துடைத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். போனை அலாரப் பெட்டிக்கு அருகில் பிடித்துக்கொண்டு டெஸ்ட் பொத்தானை அமுக்கினாள். ஊம்ம்... என்று எழுந்தது சத்தம். அவ்வளவுதான், அந்தப் பக்கத்திலிருந்து கண்மணி அரைத்த மாவு ஒட்டிய கையோடு ஓடி வந்தாள். இந்தப் பக்கத்திலிருந்து நாச்சிமுத்து ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"என்னாச்சுங்கக்கா? தண்ணி ஏறிருச்சா?"

வசந்தாமணி உதட்டில் விரலை வைத்தாள். "உஸ்ஸ்... பாப்பா தூங்குது" என்றாள்.

இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். போனுக்குள் அழுகை விசும்பலாகி, விசும்பல் பெருமூச்சாகி அடங்கியது. வசந்தாமணிக்குக் கை வலித்தது. கண்மணி மாவுக்கையை மடக்கி, முழங்கையால் அவள் கையைத் தாங்கிக்கொண்டாள்.